சித்தப்பாவின் தோளும் 8.5 நியூட்டன் மீட்டரும்

ஆபீஸில் எக்ஸெல் ஷீட்டோடு குடும்பம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. இரண்டு நம்பர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெரிய நம்பர்தான் ஒசத்தி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம். அந்த வியாதியால் ஒரு காஸ்டிங் பாழான கதை இது.

என் சித்தப்பாவுக்குக் கோவை கணபதியில் சின்னப் பட்டறை. ஒரு லேத்து, 40 வயதான ஒரு மில்லிங் மெஷின். அதன் ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றியே அவருடைய வலது தோள் இறுகிப் போய்விட்டது. சட்டை மாட்டவே சித்தி கைகொடுக்க வேண்டும். "இனிமே ஹேண்டில் பக்கமே போகாதீங்க" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். விஷயம் எப்படித்தான் தெரிந்ததோ, மறுநாளே காயலான் கடைக்காரர் வந்து மெஷினை ஒரு பிரதட்சணம் செய்து, கிலோ கணக்கில் விலை சொன்னார். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெய்க் கேனை எடுத்து மெஷினுக்கு எண்ணெய் விட்டார்.

அந்த எண்ணெய்தான் என்னை உசுப்பிவிட்டது. "மோட்டார் மாட்டிடலாம் சித்தப்பா. கம்ப்யூட்டர் சுத்தும், நீங்க சேர்ல உட்காருங்க!"

சீட்டுப் பணத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கடையில் இரண்டு ஜாதி மோட்டார்கள். ஸ்டெப்பரில் 8.5 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருந்தது. 750 வாட் சர்வோவில் வெறும் 2.4. விலையோ சர்வோதான் அதிகம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஸ்டெப்பரே வாங்கினேன்.

முதல் நாள் ஜாப் ஜோராக ஓடியது. கட்டர் இரும்பைக் கடித்தபோதுகூட மோட்டார் அசரவில்லை. வெட்டி முடித்து, டேபிள் சும்மா அடுத்த இடத்துக்கு வேகமாக ஓடும்போது 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அடுத்த பள்ளம் 3 மில்லிமீட்டர் தள்ளி விழுந்தது. காஸ்டிங் குளோஸ்! ஸ்கிரீனோ எல்லாம் சரியாக நடக்கிறது என்று சாதித்தது.

வேலை செய்யும்போது தோற்காமல், சும்மா ஓடும்போது தோற்ற மோட்டாரைப் பார்த்ததும் எனக்கு ஆபீஸில் சிலர் ஞாபகம் வந்தார்கள்.

அன்று ராத்திரிதான் கேட்லாக்கை ஒழுங்காகப் படித்தேன். 8.5 என்பது மோட்டார் நிற்கும்போது பிடித்துக்கொள்ளும் பலமாம். வேகம் ஏற ஏற அது கரையும். வெட்டும்போது நிமிடத்துக்கு 200 மில்லிமீட்டர். 5 மில்லிமீட்டர் ஸ்க்ரூவில் 40 சுற்றுதான். நான் வேகத்துக்கு ஆசைப்பட்டு 3 மீட்டர் வைத்ததில் 600 சுற்று! அங்கே பாதி பலம்கூட மிஞ்சவில்லை. தடுக்கி விழுந்ததைச் சொல்ல அதற்கு வாயும் இல்லை.

சர்வோ அப்படியில்லை. 3000 சுற்றிலும் அதே 2.4-ஐத் தரும். 2-க்கு 1 பெல்ட் போட்டால் ஏறக்குறைய 4.8. முடியாவிட்டால், 'முடியலை சாமி' என்று அலாரம் அடித்து நின்றுவிடும். காஸ்டிங் தப்பிக்கும்.

ஸ்டெப்பரைக் கடைக்காரர் பாதி விலைக்குத் திருப்பி எடுத்துக்கொண்டார். மீதிக்கு என் போனஸ். சித்தப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"மோட்டார் கெடக்கட்டும் கண்ணு, மொதல்ல ஸ்க்ரூவைப் பாரு" என்றார். பழைய ஸ்க்ரூவில் அரை மில்லிமீட்டர் ஆட்டம். மோட்டார் தன் சுற்றைத்தான் எண்ணும். டேபிள் நகர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. ஆகவே டேபிளின் இரண்டு பக்கத்துக்கும் பால் ஸ்க்ரூ. உராய்வும் குறைவு என்பதால், அதே மோட்டார் பழைய ஸ்க்ரூவில் தள்ளுவதைப் போல மூன்று மடங்கு தள்ளும்.

உற்சாகத்தில், டேபிளை ஏற்றி இறக்கும் ஸ்க்ரூவையும் மாற்றலாம் என்றேன். சித்தப்பா புது பால் ஸ்க்ரூவை நட்டோடு செங்குத்தாக நிறுத்தி, நட்டை இடது கையால் கீழே அழுத்தினார். ஸ்க்ரூ தானாகச் சுழன்றது. பழைய ஸ்க்ரூவில் அழுத்தினார். அசையவில்லை.

"இது மேல டேபிள், வைஸ், ஜாப் எல்லாம் ஏத்தி வெச்சிருக்கற நேரத்துல கரண்ட் போனா?"

எக்ஸெலில் அந்தக் கட்டமே நான் போடவில்லை. பிரேக் வைத்த மோட்டார் வேண்டும், அதற்குக் காசில்லை. எனவே அது மட்டும் பழைய ஸ்க்ரூ, பழைய ஹேண்டில்.

இப்போது மெஷின் ஓடுகிறது. காயலான் கடைக்காரர் டீ குடிக்க மட்டும் வருகிறார். வேகத்தை நான் 2 மீட்டருக்கு மேல் வைப்பதில்லை, பட்ட புத்தி.

அந்த ஒரு ஹேண்டிலை மட்டும் சித்தப்பா இடது கையால் சுற்றுகிறார். டாக்டர் தடை போட்டது வலது கைக்குத்தானாம்!