தோல் உறை

கேமரா வாங்கிய எல்லோரும் அடுத்த வாரமே கேட்கிற கேள்வி, 'எந்தப் பை வாங்கலாம்?' போன மாதம் அக்கா பையன் கேட்டான். பதில் சொல்லாமல் அப்பாவின் கேமராவை எடுத்துக் காட்டினேன்.

யாஷிகா-மேட் 124ஜி. மேலிருந்து குனிந்து பார்க்கிற ரெட்டைக் கண் சமாசாரம். அந்தக் காலத்துக் கல்யாண வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அப்பாவுக்கு அது உயிர். பொங்கலுக்குப் பொங்கல் துடைத்து, துணி சுற்றி, தோல் உறையில் போட்டு, பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டுவார். எங்களைத் தொட விடமாட்டார். அவர் போன பிறகு தொட எனக்கே மனசு வரவில்லை. ஐந்து வருஷம் அப்படியே கிடந்தது.

திறந்தால், லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல்கள்! ரிப்பேர்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பூஞ்சை சார். கோட்டிங்கைத் தின்னுடுச்சு. தொடைக்கலாம், தழும்பு போகாது. எதுல வச்சிருந்தீங்க?"

சொன்னேன்.

"அப்ப அதுக்கு வீடும் கொடுத்து சாப்பாடும் போட்டிருக்கீங்க!"

விஷயம் இதுதான். பூஞ்சைக்கு வேண்டியது ஈரம், இருட்டு, அசையாத காற்று. ஈரப்பதம் 60, 65 சதவிகிதத்தைத் தாண்டினால் போதும், முளைக்க ஆரம்பித்துவிடும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் அது 80-ஐச் சர்வசாதாரணமாகத் தொடும். தோலும் பைக்குள் இருக்கிற மெத்தையும் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூஞ்சை கசிய விடுகிற அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும்.

ஆகவே, பை தூக்கிப்போவதற்குத்தான், குடித்தனம் வைப்பதற்கு இல்லை. வீட்டுக்கு வந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்னதாக ஓர் ஈரமானி போதும். ஜெல் நிறம் மாறினால் சூடுபடுத்தி மறுபடி போடலாம். (நீல ஜெல்லில் கோபால்ட் இருக்கிறது, விஷம். சமையல் வாணலி பக்கம் போகாதீர்கள்.) காசு இருந்தால் டிரை கேபினட். 40-லிருந்து 50 சதவிகிதத்தில் வைத்தால் சரி.

தூக்கிப்போகிற பையா? கடைக்கு உங்கள் கேமராவையும் லென்ஸ்களையும் கொண்டுபோய், உள்ளே வைத்து, தோளில் மாட்டிப் பத்து நிமிஷம் நடங்கள். காலிப் பை எல்லாமே சொகுசாகத்தான் இருக்கும். ஃபிலடெல்ஃபியாவில் பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்த ஜிம் டோம்கி 1970-களில் தன் வேலைக்காக ஒரு கித்தான் பை வடிவமைத்தார். மெத்தை குறைவு, கை சட்டென்று உள்ளே போகும். பார்த்த மற்ற பத்திரிகைக்காரர்களும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எனக்கும் அந்த ஜாதிதான் பிடிக்கும். கேமரா கம்பெனி பெயரைக் கொட்டை எழுத்தில் போட்ட பை வேண்டவே வேண்டாம். எக்மோர் பிளாட்பாரத்தில் திருடனுக்கு நீங்களே ஏன் அடையாளம் காட்ட வேண்டும்?

விமானத்தில் போகிறவர்களுக்கு ஒன்று. உள்ளூர் விமானங்களில் பெரும்பாலும் கைப்பைக்கு 7 கிலோதான். பெரிய டெலிபோட்டோ லென்ஸே ஒன்றரைக் கிலோ வரும். உபரி பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும்.

பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாமா, இதுல படம் எடுக்க முடியுமா?" என்று யாஷிகாவைத் தூக்கினான். ஃபிலிம் வாங்கி வந்து, ஜன்னலோரம் அம்மாவை உட்காரவைத்து எடுத்தோம். வெளிச்சம் பட்ட பக்கமெல்லாம் புகை படிந்த மாதிரி வந்திருக்கிறது.

அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். "உங்கப்பா எடுத்த மாதிரியே இருக்குடா" என்றாள்.