முதுமைக்கோர் மன்றம்

மண்ணுக்கும் சட்டம் உண்டு. இங்கே வீடு எழலாம், அங்கே ஆலை எழலாம், இது கடைவீதி, இது கழனி என்று வரையறுத்து, ஊரின் வரைபடத்திலே வண்ணம் தீட்டி வைத்திருக்கிறார்கள். அந்த வண்ணத்தை மீறி ஒரு செங்கல்லும் எழும்பக் கூடாது என்பது விதி. விதியை நாங்கள் வெறுப்பவர்கள் அல்லர். ஆயினும் அந்த விதியின் வாயிலிலே பதினான்கு திங்கள் காத்து நின்றவர்கள் என்ற முறையில், கண்டதையும் கருதியதையும் எடுத்துரைக்கும் கடமை எங்களுக்கு உண்டு.

நாங்கள் ஒன்பது பேர். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றோர் மூவர், தறியிலே வாழ்நாளைக் கழித்தோர் இருவர், உழவர் இருவர், அஞ்சல் ஊழியராக இருந்தவர் ஒருவர், சத்துணவுக் கூடத்தில் பல்லாண்டு பணியாற்றிய அம்மையார் ஒருவர். அனைவரும் அறுபதைக் கடந்தோர். நாங்கள் கேட்டது மாட மாளிகை அன்று. ஒரு கூடம், ஒரு படிப்பகம், குருதி அழுத்தம் பார்க்க ஓர் அறை, நண்பகல் உணவுக்கு ஓர் அடுக்களை. காலையில் வந்து, பேசி, படித்து, பசியாறி, மாலையில் வீடு திரும்ப முதியோருக்கு ஓர் இடம். அம்மையார் தமக்கென்று இருந்த 12 சென்ட் நிலத்தைத் தானப் பத்திரம் எழுதித் தந்தார். நிலம் வந்தது, நிதியும் சிறுகச் சிறுகச் சேர்ந்தது. இனி என்ன தடை என்று எண்ணினோம்.

இத்தகைய மன்றம் தேவைதானா என்று கேட்போர் உண்டு. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் நூற்றுக்கு 8.6 பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். தமிழ்நாட்டிலோ நூற்றுக்கு 10.4 பேர். நாடு முதுமை எய்துவதற்கு முன்னரே நம் மாநிலம் முதுமை எய்திக் கொண்டிருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புக்காக 2007 இல் வந்த சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றேனும், ஆதரவற்ற முதியோர் 150 பேர் தங்கத்தக்க இல்லம் அமைக்கலாம் என்று மாநில அரசுகளுக்கு வழி காட்டுகிறது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால், வீடு இல்லாதவருக்கு இல்லம் வேண்டும். வீடு இருந்தும் வாய்ப்பேச்சுக்கு ஆள் இல்லாதவருக்கு என்ன வேண்டும்? மகன் வெளிநாட்டில், மகள் வெளியூரில், திங்கள்தோறும் பணம் வருகிறது, மனிதர் வருவதில்லை. அவர்களுக்கு வேண்டியது மன்றம். 1943 ஆம் ஆண்டிலேயே நியூயார்க் மாநகரின் பிராங்க்ஸ் பகுதியில், முதியோர் பகலிலே கூடுவதற்கென்று ஒரு நிலையம் திறந்தார்கள். அமெரிக்காவில் அவ்வகையில் அதுவே முதலாவது என்பர். எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர் எங்கள் சிற்றூரில் அதைக் கேட்டோம். பேராசையா இது?

முதற் கேள்வியே எங்களைத் திகைக்க வைத்தது.

"ஐயா, இது கல்யாண மண்டபமா, முதியோர் இல்லமா?" என்றார், மனுவை வாங்கிய இளைஞர்.

"இரண்டும் இல்லை, தம்பி. முதியோர் மன்றம்" என்றோம்.

"அப்படி ஒரு வகை படிவத்திலே இல்லையே, ஐயா!"

அவர் குறும்பாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். வகை என்பது வெறும் சொல் அன்று. கட்டடத்தின் பயன் எது என்பதைக் கொண்டே, அது எந்தப் பகுதியில் எழலாம், முன்னே எத்தனை அடி அகலச் சாலை வேண்டும், சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும், எத்தனை வண்டிகள் நிறுத்த இடம் வேண்டும் என்பன முடிவாகின்றன. மண்டபம் என்றால் வண்டிகள் பெருகும். இல்லம் என்றால் இரவிலே தங்குவோர் உண்டு. எங்கள் மன்றத்துக்கு வருவோரோ, ஊன்றுகோலும் கையுமாக நடந்து வருவோர். விளக்கு வைக்கும் முன்னர் வீடு திரும்புவோர். படிவத்தில் பெயர் இல்லாதவர்களுக்கு ஊரிலே இடமும் இல்லாமற் போவது எத்துணை எளிதாக நடந்து விடுகிறது!

அடுத்தது நிலம். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, தானப் பத்திரம், புல வரைபடம் யாவும் இருந்தன. மனையின் பரப்பு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் திறந்தவெளிக்குப் பத்தில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். எங்கள் மனை சிறியது, அந்தக் கடமை இல்லை. மழைநீர்ச் சேமிப்பு வேண்டும், மகிழ்ச்சியோடு வரைந்தோம். ஆனால், மூன்று புறமும் வீடுகள் எழுந்துவிட்ட பின்னரும், திட்ட வரைபடத்தில் அந்த நிலம் வேளாண் பகுதி என்றே இருந்தது. ஆகவே நிலப்பயன் மாற்றம் பெற வேண்டும். அதற்கு நாளேட்டில் அறிவிப்பு வெளியிட்டு, மறுப்புரை கோர வேண்டும்.

நண்பர்கள் சிலர் நல்லெண்ணத்தோடு குறுக்கு வழி காட்டினார்கள். "முதலில் கட்டிவிடுங்கள், பிறகு வரன்முறைப்படுத்திக் கொள்ளலாம். ஊரெல்லாம் அப்படித்தானே?" என்றார்கள். ஊரெல்லாம் அப்படித்தான், அதன் விலையையும் ஊர் கொடுத்திருக்கிறது. 2001 இல் ஏர்வாடியில், மனநலம் குன்றியோரைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த கூரைக் கொட்டகை தீப்பற்றி 28 உயிர்கள் கருகின. 2004 இல் கும்பகோணத்தில், கூரை வேய்ந்த பள்ளியிலே 94 பிஞ்சுகள் எரிந்து மாண்டனர். ஓட முடியாதவர்கள் உள்ளே இருக்கும் கட்டடத்துக்கு, வாயிலின் அகலம் உயிரின் அளவு. சிறுவரால் ஓட இயலாமற் போயிற்று. முதியவரால் ஓட இயலுமா? எனவே, அனுமதியின்றி ஒரு கல்லும் வைப்பதில்லை, கையூட்டு ஒரு காசும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

விதி எங்களுக்குத் துணை நின்ற இடமும் உண்டு. மாற்றுத் திறனாளிகள் உரிமைகளுக்கான 2016 ஆம் ஆண்டுச் சட்டம், அவர்கள் எளிதில் புழங்குவதற்கு வகுத்த விதிகளுக்கு ஒவ்வாத கட்டட வரைபடத்துக்கு அனுமதி தரலாகாது என்கிறது. அந்த விதிகளை வெறும் அறிவுரையாக விட்டுவைக்கலாகாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. இரண்டடி உயரத் தளத்துக்கு இருபத்துநான்கு அடிச் சாய்தளம், இருபுறமும் கைப்பிடி என்று வரைந்தோம். அந்த வரைபடத்தைக் கையில் ஏந்தி, அனுமதி வழங்கும் அலுவலகத்தின் இரண்டாம் மாடிக்கு ஏறினோம். அங்கே சாய்தளமும் இல்லை, மின்தூக்கியும் இல்லை. முழங்கால் தேய்ந்த நெசவாளர் இருவரும் கீழ்ப்படியிலேயே அமர்ந்து விட்டனர்.

பிறகு வந்தது மறுப்புரை. இரைச்சல் மிகும், போக்குவரத்து பெருகும், தெருவின் அமைதி குலையும் என்று பன்னிருவர் கையொப்பமிட்டிருந்தனர். எண்பது வயதுக் கிழவர்கள் என்ன இரைச்சல் செய்து விடுவார்கள்? உசாவினோம், உண்மை வெளிப்பட்டது. "நீங்கள் வருவதில் தடை இல்லை. காலனியிலிருந்தும் வருவார்களாமே, ஒரே பந்தியாமே?" என்றார் ஒருவர், குரலைத் தாழ்த்தி. ஆம், இரைச்சல் அன்று, இழிவெண்ணமே மறுப்பின் வேர்!

இது நம் நாட்டு நோய் மட்டுமன்று. அமெரிக்காவின் லூயிவில் நகரில், இந்தத் தெரு வெள்ளையருக்கு, அந்தத் தெரு கருப்பருக்கு என்று நகர விதியே வகுத்தார்கள். 1917 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளிற்று. ஆலைப் புகையிலிருந்து வீட்டைக் காப்பதற்கு வந்த பகுதிப் பிரிப்பு, மனிதனிடமிருந்து மனிதனைப் பிரிக்கும் கருவியாயிற்று. நம்மவரோ சட்டம் எழுதும் முன்பே அதைச் செய்து முடித்தவர்கள். சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் வந்தது 1920 இல். அக்கிரகாரம் இங்கே, சேரி அங்கே என்ற வரைபடத்துக்கு எந்த அலுவலகம் முத்திரை குத்திற்று? மண்ணைப் பயனால் பிரிப்பது அறிவுடைமை. மக்களைப் பிறப்பால் பிரிப்பது மடமை. முன்னதன் ஆடையைப் பின்னது உடுத்தி வரும்போது, அடையாளம் காட்டுவது நம் கடமை.

விசாரணை நாளில் அந்த அம்மையார் பேசினார். "இருபத்தாறு ஆண்டுகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பானையிலிருந்து சோறு போட்டேன். எந்தப் பிள்ளையும் கெட்டுப் போகவில்லை. கிழவர்கள் மட்டும் கெட்டுப் போய்விடுவார்களா?" என்றார். கூடம் அமைதியாயிற்று. பன்னிருவரில் நால்வர் அங்கேயே தம் கையொப்பத்தைத் திரும்பப் பெற்றனர். நிலப்பயன் மாற்றம் கிடைத்தது. கட்டட அனுமதியும் தொடர்ந்து வந்தது. விண்ணப்பத்தில் ஒன்பது கையொப்பங்கள் இருந்தன. அனுமதி வந்தபோது எழுவர் இருந்தோம். கீழ்ப்படியில் அமர்ந்த நெசவாளர் இருவரும், தாம் கேட்ட கூடத்தின் கூரையைக் காணாமலே கண் மூடினர்.

இளைஞருக்குப் பதினான்கு திங்கள் என்பது காத்திருப்பு. எழுபத்தெட்டு வயதினருக்கு அது வாழ்நாளின் பெரும்பகுதி. ஆகவே கேட்கிறோம். விதியைத் தளர்த்துக என்று அன்று. விரைந்து நடத்துக என்று! பகல்நேர முதியோர் மன்றம் என்று தனி வகை ஒன்றைப் படிவத்தில் சேர்த்திடுக. எந்தப் பகுதியில் எந்தக் கட்டடம் எழலாம் என்பதை எளிய தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு பேரூராட்சி வாயிலிலும் ஒட்டிடுக. முதியோருக்கான விண்ணப்பத்துக்கு நாள் வரையறுத்திடுக. மறுப்புரை வந்தால், அதன் சொல்லை மட்டுமன்றி அதன் உள்ளத்தையும் உசாவிடுக. சாய்தளத்தை எங்களிடம் கேட்கும் முன்னர் அலுவலகத்தில் அமைத்திடுக.

இந்நாட்டின் தறியை ஓட்டியவர்கள், ஏரைப் பிடித்தவர்கள், எழுத்தறிவித்தவர்கள் இன்று கேட்பது பன்னிரண்டு சென்ட் மண்ணிலே ஒரு கூரை. அவர்கள் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் நாளில், அங்கே எழுந்து நிற்பது கட்டடம் மட்டுமன்று. சமத்துவமும் ஓர் அடி உயர்ந்து நிற்கும்.