காக்ஸ் டவுனில் ஒரு பெட்டி வைக்கலாமா?

பெங்களூர்க் கண்டோன்மென்டின் வடகிழக்குப் புறத்தில், அல்சூர் ஏரிக்கு அப்பால் அமைந்துள்ள குடியிருப்பு காக்ஸ் டவுன். 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றிய காலந்தொட்டு, சென்னை மாகாணத்துத் தமிழர் பலர் சிப்பாய்களாகவும் வணிகராகவும் கைத்தொழிலாளராகவும் இப்பக்கம் வந்து குடியேறினர். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்து சேர்ந்ததும் அவ்வரவு மேலும் பெருகிற்று. 1898இல் பிளேக் நோய் நகரை வாட்டிய பின், நெருக்கடி மிகுந்த பேட்டைகளுக்கு வெளியே காற்றோட்டமான புதிய குடியிருப்புகள் எழுந்தன. கண்டோன்மென்டில் அவ்வாறு எழுந்தவற்றுள் பிரேசர் டவுன் 1910இல் உருவாயிற்று. அதன் அண்டை ஊராகப் பின்னர் வளர்ந்ததே, காக்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் பெயர் தாங்கிய நம் காக்ஸ் டவுன்.

இவ்வூரைப் பற்றி எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் சங்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் அண்மைக் காலமாக ‘ஜியோகேஷிங்’ என்னும் விளையாட்டில் ஆர்வம் காட்டி வருகின்றனர். ‘இதில் தவறேதும் உண்டா? யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? காவலர் வந்து கேட்டால் என்ன சொல்வது?’ என்று பெற்றோர் வினவுகின்றனர். இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றும் எனக்கு விதிகளைப் படிப்பது அன்றாட வேலை. ஆதலின் இவ்விளையாட்டின் விதிகளையும் படித்து, காக்ஸ் டவுன் தெருக்களில் நடந்தபடியே அவற்றை ஒவ்வோர் இடத்திற்கும் பொருத்திப் பார்த்தேன்.

முதலில் விளையாட்டு இன்னதென்று கூறிவிடுகிறேன். ஒருவர் ஒரு சிறு பெட்டியை ஓரிடத்தில் மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிடுவார். மற்றவர் கைப்பேசியின் துணைகொண்டு அதனைத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயரும் தேதியும் எழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுவார். காக்ஸ் டவுன் ஏறத்தாழ வடக்கே 13 பாகையிலும் கிழக்கே 77.6 பாகையிலும் உள்ளது. பாகையை அறுபது கலைகளாகவும், ஒரு கலையை ஆயிரம் கூறுகளாகவும் பிரித்து எண் தருவார்கள். அத்தகைய ஒரு கூறு தரையில் இரண்டு மீட்டருக்கும் குறைவு. ஆயினும் கைப்பேசி வெட்டவெளியிலேயே நாலைந்து மீட்டர் பிழை காட்டும். உயர்ந்த கட்டடங்களுக்கிடையே இன்னும் மிகும். எஞ்சிய தூரத்தைக் கண்ணும் அறிவுமே கடக்க வேண்டும். விளையாட்டின் சுவை அதில்தான் இருக்கிறது.

2000ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் வரை, அமெரிக்க அரசு தன் செயற்கைக்கோள் குறிகளில் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து அனுப்பி வந்தது. அப்பிழை நீக்கப்பட்ட மறுநாளே, டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பாதி புதைத்து வைத்து, அதன் இருப்பிட எண்களை வெளியிட்டார். அதனுள் குறிப்பேடு, பென்சில், கவண் முதலியவற்றுடன் ஒரு டப்பா அவரையும் இருந்தது. இன்றைய விதிகளின்படி பெட்டியைப் புதைத்தலும் ஆகாது; உணவுப் பொருளை உள்ளே வைத்தலும் ஆகாது. மண்ணைத் தோண்டினால் நிலத்துக்குரியவர் வருந்துவர். உணவை வைத்தால் எலியும் எறும்பும் வந்து சேரும். முதற்பெட்டியே செய்த காரியங்களைப் பின்வந்தோர் விலக்கி வைத்தனர் என்றால், விதிகள் பட்டறிவிலிருந்து பிறந்தவை என்பது விளங்கும். இன்று உலகெங்கும் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் உள்ளன, பெங்களூரிலும் உள்ளன.

இனி நடைப்பயணத்திற்கு வருவோம்.

பெங்களூர் கிழக்கு நிலையத்தருகே இருந்து தொடங்கினேன். இருப்புப்பாதையோரத்து மரங்களும் பழைய கற்சுவர்களும் பெட்டி மறைக்க ஏற்றவை போலத் தோன்றும். அவ்வாசை அறவே கூடாது. 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி, உரிமையின்றி இரயில்வே எல்லைக்குள் நுழைவோர்க்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கைப்பேசியைப் பார்த்தபடி தண்டவாளத்தில் நடக்கும் பிள்ளைக்கு வண்டியின் ஓசை கேளாது. அமெரிக்காவிலும் இருப்புப்பாதைக்கு நூற்றைம்பது அடிக்குள் பெட்டி வைக்க விடுவதில்லை.

அடுத்தது கடைத்தெரு. மக்கள் நெருக்கம் மிகுந்த இடத்தில், யாரும் அறியாதபடி ஒருவர் ஒரு பொருளை இடுக்கில் செருகிவிட்டுப் போவதைக் கண்டால் பார்ப்பவர் மனத்தில் என்ன தோன்றும்? 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி நகரில், உணவுக்கடையில் இருந்தவர் ஒருவர் அவ்வாறு கண்டு காவலர்க்கு அறிவிக்க, இராணுவ வல்லுநர் வந்து அப்பெட்டியைத் தகர்த்தனர். அது விளையாட்டுப் பெட்டிதான் என்பது பின்னரே தெரிந்தது. நம் நகரிலோ 2008 ஜூலை 25 அன்று பல இடங்களில் குண்டுகள் வெடித்தன. 2024 மார்ச் 1 அன்று ஓர் உணவகத்தில் விட்டுச் செல்லப்பட்ட பையில் இருந்த குண்டு வெடித்துப் பலர் காயமுற்றனர். இவ்வூரில் கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டி எவருக்கும் விளையாட்டாகத் தோன்றாது. ஆகவே கடைத்தெரு, பேருந்து நிறுத்தம், பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டு இடங்கள் ஆகியவற்றின் அருகே வைக்க வேண்டாம். எங்கு வைத்தாலும் பெட்டி உள்ளிருப்பது தெரியும்படியான கண்ணாடி நிறத்தில் இருக்கட்டும். விளையாட்டின் பெயரும் தொடர்பு எண்ணும் மேலே தெளிவாக எழுதப்பட்டிருக்கட்டும்.

வீலர் ரோட்டை அடுத்த குறுந்தெருக்களில் பழைய வீடுகளின் மதிற்சுவர்கள் சில இன்னும் உள்ளன. சுவரின் வெளிப்புறமும் வீட்டுக்காரருடையதே. கதவைத் தட்டி, ‘நமஸ்கார, ஒந்து விஷய கேளபஹுதா?’ என்று கன்னடத்தில் தொடங்குங்கள். ‘ஒரு விஷயம் கேட்கலாமா?’ என்பதே அதன் பொருள். வந்தவர் தமிழராயின் பேச்சு தானே தமிழுக்குத் திரும்பிவிடும். கன்னடராயின் அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி அனுமதி கிடைத்துவிடும். விளையாட்டு இன்னது, வருவோர் பகலில் மட்டும் வருவர், வேண்டாமென்றால் அன்றே எடுத்துவிடுவோம் என்று மூன்று செய்திகளைச் சொல்ல வேண்டும். மறுத்தால் வணங்கி வந்துவிட வேண்டும். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் ஒரு சொல் சொல்லி வைப்பது நன்று. பூங்காவாயின் காவற்காரர் தலையசைத்தது போதாது. மாநகராட்சியின் தோட்டக்கலைப் பிரிவில் எழுதிக் கேட்க வேண்டும்.

தெற்கே அல்சூர் ஏரியை நோக்கி நடந்தால், மதராஸ் எஞ்சினியர் குரூப்பின் இராணுவ நிலம் எதிர்ப்படும். அங்கே பெட்டியும் வேண்டாம், படம் பிடித்தலும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்க்கும் ஓர் எச்சரிக்கை: செயற்கைக்கோளிடமிருந்து குறியைப் பெறும் சாதாரணக் கைப்பேசியால் இடர் இல்லை. ஆனால் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியை அரசின் அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டுவருதல் குற்றமாகும்.

இத்தனை தடைகளைக் கேட்டு மனம் தளர வேண்டா. பெட்டியே வேண்டாத வகையும் இவ்விளையாட்டில் உண்டு. நிலவியற் சிறப்புள்ள ஓரிடத்திற்குச் சென்று, அங்குள்ளதை உற்றுநோக்கி, கேட்ட கேள்விக்கு விடை அனுப்பினாற் போதும். முந்நூறு கோடி ஆண்டு வயதுடைய லால்பாக் பாறை அதற்கு எத்துணை ஏற்றது! கல்வெட்டுத் தேடலும் இதற்கு உறவான பொழுதுபோக்கே. தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் அவ்வூர் தொம்பலூர் எனப்படுகிறது. கல்லின்மேல் சுண்ணமும் எண்ணெயும் பூசாமல், கண்ணால் மட்டும் பார்த்து வருவது அங்கே ஒழுங்கு.

அன்றாட வினாக்கள் சிலவற்றுக்கும் விடை கூறுவேன். பெட்டியிலிருந்து ஒரு பொம்மையை எடுத்துக்கொள்ளலாமா? எடுக்கலாம், ஆனால் அதற்கு ஈடானதோ மேலானதோ ஒன்றை வைக்க வேண்டும். எண் பொறித்த வில்லை இருந்தால் அது ஊர் ஊராகச் செல்லும் பயணி. அடுத்த பெட்டிக்குக் கொண்டு சேர்க்க வேண்டுமே ஒழிய வீட்டில் வைத்துக்கொள்ளலாகாது. இரண்டு பெட்டிகளுக்கிடையே 161 மீட்டர் இடைவெளி வேண்டும். மழைக்குத் தாங்கும் மூடி வேண்டும். பொந்துக்குள் கையை விடுமுன் குச்சியால் தட்டிப் பார்க்க வேண்டும். பெட்டியை வைத்தவர் அடிக்கடி சென்று கவனிக்கக் கடமைப்பட்டவர். மாற்றலாகி வேறூர் செல்வோரும், சொந்த ஊருக்கே திரும்புவோரும் அதனை மற்றொருவரிடம் ஒப்படைக்க வேண்டும், அல்லது எடுத்துவிட வேண்டும்.

என் நடை அல்சூர் ஏரிக்கரையில், திருவள்ளுவர் சிலையருகே முடிந்தது. அருகில்தான் 1950இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் உள்ளது. 1991இல் நிறுவப்பட்ட இச்சிலை, திறக்கப்படாமல் பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. இரு மாநிலத்தாரும் பேசி இசைந்த பின், 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது; நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. காக்ஸ் டவுனை அடுத்த பகுதிகளைக் கொண்ட சட்டமன்றத் தொகுதிக்கும் சர்வக்ஞ நகர் என்பதே பெயர். ஒன்றைப் பெற்றால் ஈடான ஒன்றை வைக்க வேண்டும் என்னும் விதியைப் பெரியோர் அன்று கடைப்பிடித்தனர். அண்டை மனிதரின் இசைவைக் கேட்டுப் பெற்றனர். பிறந்த ஊரில் கேளாமலே கிடைக்கும் உரிமைகள் பலவும் வந்தேறிய ஊரில் கேட்டே கிடைக்கின்றன. அது தாழ்வன்று. கேட்டுப் பெற்ற இடத்தை எவரும் பறிக்க நினையார்.

பெற்றோர்க்கு என் வேண்டுகோள் இதுவே. பிள்ளைகள் முதலில் பத்துப் பெட்டிகளையாவது தேடிக் காணட்டும். பிறகு ஒன்று வைக்க எண்ணட்டும். முதல் முறை நீங்களும் உடன் செல்லுங்கள். அவர்கள் அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டி, அவர்தம் மொழியில் பணிவாக ஒரு கேள்வி கேட்கும்பொழுது, சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். அனுமதி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அத்தெருவில் நம்மை அறிந்தவர் ஒருவர் கூடியிருப்பார்.