காலுக்குக் கண் துணை

காளத்தி மலையில், இறைவனின் ஒரு கண்ணில் வழிந்த குருதியை நிறுத்தத் தம் கண்ணைப் பெயர்த்து அப்பினார் கண்ணப்பர். மறுகண்ணிலும் குருதி பெருகியது. எஞ்சிய கண்ணையும் பெயர்த்துவிட்டால் அப்ப வேண்டிய இடம் தெரியாது. ஆகவே இடக்காலை அவ்விடத்தில் அடையாளமாக ஊன்றிக்கொண்டார். பார்வை போனாலும் பாதத்தின் உணர்வு வழிகாட்டும் என்று அவ்வேடர் அறிந்திருந்தார்.

அந்தப் பாத உணர்வே முதுமையில் பலருக்கு மங்கிவிடுகிறது. முதலில் விரல் நுனியில் ஊசி குத்துவது போன்ற உறுத்தல், இரவில் எரிச்சல், பின்னர்ப் பஞ்சின்மேல் நடப்பது போன்ற மரமரப்பு. மருத்துவர்கள் இதனைப் புற நரம்பு பாதிப்பு என்பர். கால்விரல் வரை ஓடும் நரம்புகள் மிக நீளமானவை. ஆதலால் கேடு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. முதன்மையான காரணம் நீரிழிவு. பி12 உயிர்ச்சத்துக் குறைவும் ஒரு காரணம். புலால் உண்ணாதவர்களுக்கும், மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்பவர்களுக்கும் அது நேரலாம். இரத்தப் பரிசோதனையில் அதை அறியலாம், மருந்தால் ஈடுசெய்யலாம். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கேடு பெருகும் வேகம் தணியும்.

எரிச்சல் தானே அடங்கியதும் நோய் தீர்ந்தது என்று மகிழ்வோர் உண்டு. உணர்வே அற்றுப்போனாலும் எரிச்சல் அடங்கும். கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்து, வேலூரில் தொழுநோயாளரிடையே பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட் ஓர் உண்மையைத் தெளிவாக்கினார். நோயாளரின் விரல்கள் தாமாக அழுகி உதிரவில்லை; வலி தெரியாததால் கவனிக்கப்படாத காயங்களே அவற்றை அழித்தன. நீரிழிவால் மரத்த பாதத்துக்கும் இது பொருந்தும்.

சித்திரை நண்பகலில் பிராகாரம் வலம்வரும் முதியவர், வீடு திரும்பிக் கால் கழுவும்போதுதான் கொப்புளத்தைக் காண்கிறார். சூடு தெரியாததை இறையருள் என்றே எண்ணுகிறார். அக்கொப்புளம் புண்ணாகி, புண் எலும்பைத் தொட்டு, காலையே இழந்தவர்கள் உளர். வலம்வருதலைக் கைவிட வேண்டியதில்லை. வேளையை மாற்றிக்கொண்டால் போதும். விடியற்காலையில் கல் குளிர்ந்திருக்கும். மற்ற வேளைகளில் உடன்வருபவர் முதலில் தரையைத் தொட்டுப் பார்க்கட்டும். தீமிதி இவர்களுக்கு ஆகாது. திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலத்துக்கும் முன்னதாக மருத்துவரின் ஒப்புதல் வேண்டும்.

வீட்டில், வெந்நீரின் சூட்டைக் காலால் சோதிக்கலாகாது. முழங்கையால் பார்க்க வேண்டும். செருப்பை உதறிய பின்னரே அணிய வேண்டும். கால் ஆணியைப் பிளேடால் சீவக்கூடாது. இரவில் எழுந்தால் விளக்கைப் போட்டுவிட்டே நடக்க வேண்டும்; தரை தெரியாத கால் எளிதில் தடுமாறும். உறங்குமுன் கால் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். குனிய இயலாதவர் மகனையோ பேத்தியையோ பார்க்கச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். வலிக்கவில்லை என்று எந்தப் புண்ணையும் விட்டுவைக்காமல், அன்றே மருத்துவரிடம் காட்டுவது நலம்.

கோயிலை வலம்வருவதே கால்களின் பயன் என்று திருவங்கமாலையில் பாடினார் அப்பர் பெருமான். அந்தப் பயனுக்காக அவற்றைக் காத்துவைப்பதும் தொண்டின் ஒரு பகுதியே.