தீரச் செலவாகும் திறன்

பிள்ளைகள் தனித்தனியே சென்றுவிட்டபின், இரண்டே இருக்கைகள் கொண்ட மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றைப் பழையதாக வாங்க, இங்கிலாந்தில் நாங்கள் இருவரும் முனைந்தோம். எந்த எஞ்சின் என்பதே வழக்கு. 2015இல் வெளிவந்த நான்காம் தலைமுறையின் தொடக்கக் கார்களில், 1.5 லிட்டர் எஞ்சின் தன் 131 குதிரைத்திறனை நிமிடத்திற்கு 7000 சுற்றுகளில்தான் எட்டும், 2.0 லிட்டரோ 160ஐ 6000 சுற்றுகளிலேயே தந்துவிடும். பெரியதில் கியரை மாற்றாமலே மேடேறலாம். சிறியதில் ஒவ்வொரு மேட்டிலும் கியரை இறக்கி, எஞ்சினை உச்சம்வரை சுழலவிட வேண்டும்.

நெடுஞ்சாலையே கதியென்போர்க்குப் பெரியதே தகும். எங்களுக்கு வாய்த்தவை கிராமத்துச் சாலைகள். அங்கு உச்சவரம்பு மணிக்கு 60 மைல். அவ்வெல்லைக்குள் பெரிய எஞ்சின் பெரும்பாலும் உறங்கியே கிடக்கும். இனி எத்தனை ஆண்டுகள் ஓட்டுவோமோ; சேமிப்பில் கிடக்கும் ஆற்றலைவிடத் தீரச் செலவழிக்கும் ஆற்றலே உகந்தது எனத் தோன்றியது. சிறியதையே எடுத்தோம்.