இசைவிழாவில் தாகம்

இசை கேட்கச் செல்லும் தமிழர் இசையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புவதில்லை. மார்கழித் திங்களில் சென்னைச் சபைகளுக்குச் சென்று வந்தவரைக் கேட்டுப் பாருங்கள். எந்தப் பாடகர் எந்த இராகத்தை விரித்தார் என்று சொல்லி முடிக்குமுன்பே, எந்தச் சபையின் சிற்றுண்டிச்சாலையில் அடை முறுகலாக இருந்தது, எங்கே காப்பியின் டிகாக்‌ஷன் நீர்த்துப் போயிருந்தது என்பதும் சேர்ந்தே வந்துவிடும். இப்பழக்கத்தை நகையாடுவோர் உண்டு. நாங்கள் நகையாடுவதில்லை. ஒருவரை மூன்று மணி நேரம் ஓரிடத்தில் அமர்த்தி வைக்கும் விழாக்காரர் அவருடைய செவிக்கு மட்டுமா பொறுப்பு? நாவுக்கும் வயிற்றுக்கும் பொறுப்பேற்கிறார் அல்லவா? காப்பி எப்படி இருக்கிறது என்பதைக் கொண்டே, வந்தவரை அவர் விருந்தினராகக் கருதுகிறாரா, சீட்டு வாங்கிய கூட்டமாகக் கருதுகிறாரா என்று கண்டுகொள்ளலாம்.

நாங்கள் குடும்பத்தோடு புனே நகருக்குக் குடிபெயர்ந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. இங்கும் இசைக்குக் குறைவில்லை. பண்டித பீம்சேன் ஜோஷி தம் குருநாதரின் நினைவாக 1953இல் தொடங்கிய சவாய் கந்தர்வ விழா ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்தில் நடைபெறுகிறது. இந்துஸ்தானி இசை எங்களுக்குப் பழக்கமானது அவ்விழாவினால்தான். இடைவேளையில் கைக்கு வரும் சூடான தேநீரும் வடாபாவும் எங்கள் ஊர்ச் சபைகளை நினைவூட்டும். ஆனால் எங்கள் பிள்ளைகள் விரும்பிச் செல்லும் விழாக்கள் வேறு. 2007இல் கோவாவில் தொடங்கிய சன்பர்ன், 2010இல் இதே புனேயில் தொடங்கிய என்எச்7 வீக்கெண்டர் போன்றவை அவை. திறந்த வெளி, பல மேடைகள், பிற்பகலில் தொடங்கினால் இரவு வரை நின்றபடியே கேட்க வேண்டும். அங்கே காப்பிக் கடையைத் தேடினால் கிடைப்பது அரிது. காப்பியின் இடத்தில் அமர்ந்திருப்பது பீர்.

‘சங்க மலரில் இதைப் பற்றியா எழுதுவது?’ என்று சிலர் புருவம் உயர்த்தலாம். வள்ளுவப் பெருந்தகை கள்ளுண்ணாமைக்கென்று 93ஆம் அதிகாரத்தை ஒதுக்கியதை நாங்கள் மறக்கவில்லை. ஆயினும் அதே தமிழில்தான் பொருநராற்றுப்படையும் இருக்கிறது. கரிகாலன் அவையில் பொற்கலம் நிறைய மீண்டும் மீண்டும் மது வார்த்துத் தந்ததையும், ஊன் தின்று தின்றே பல் மழுங்கியதையும் அங்கே இசைவாணன் ஒருவன் பெருமிதத்தோடு சொல்கிறான். இசையும் மதுவும் ஒரே பந்தலில் இருந்தது நமக்குப் புதிதன்று. குடிக்கலாமா, கூடாதா என்பது அவரவர் முடிவு. எங்கள் இல்லத்திலேயே இருவர் தொடுவதில்லை. இருவர் அளவோடு அருந்துவர். இங்கு நாங்கள் பேச வந்தது வேறு. நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கூடும் திடலில் எது, எந்த நிலையில், எத்தனை வகையில் ஊற்றித் தரப்படுகிறது? அதனால் அவர்களுக்கு விளைவது என்ன?

சில ஆண்டுகளுக்கு முன்னர் பிள்ளைகளின் வற்புறுத்தலால் அத்தகைய விழா ஒன்றுக்குச் சென்றோம். எந்த ஊர், எந்த விழா என்பது இங்கு வேண்டா. வாயிலில் எங்கள் தண்ணீர்க் குப்பிகளை வாங்கி வைத்துக்கொண்டனர். உள்ளே தண்ணீரும் விலைக்குத்தான் கிடைத்தது. பார் என்று எழுதிய கூடாரங்கள் ஐந்தாறு இருந்தன. ஐந்தாறிலும் ஒரே நிறுவனத்தின் பெயர். உள்ளே ஒரே பீர். அதுவும் ‘ஸ்ட்ராங்’ வகை. மென்மையானது வேண்டும் என்று மகள் கேட்டதற்கு, பணியாளர் இளைஞர் புன்னகையோடு கைவிரித்தார். காகிதக் குவளையில் பாதி நுரை, மீதி வெதுவெதுப்பு. கொடுத்த பணத்தை வீணாக்க மனமின்றி அதையே குடித்தனர். இரவு ஒன்பது மணிக்கு, அன்றைய நாளின் மிக நல்ல பாடகி மேடையேறியபோது, எங்களைச் சுற்றியிருந்தோரில் பாதிப்பேருக்குக் கேட்கும் நிலை இல்லை. ஒரு பெண் வேலியோரம் அமர்ந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் மகளும் அவள் தோழியும் கையில் தண்ணீர்க் குப்பியோடு அவள் அருகிலேயே இருந்துவிட்டனர். அவர்கள் கேட்க வந்த பாட்டை அவர்களும் கேட்கவில்லை.

ஏன் இப்படி என்று பின்னர் ஆராய்ந்தபோது காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைக் கண்டோம்.

முதலாவது, விளம்பரம். நம் நாட்டில் தொலைக்காட்சியில் மதுவை விளம்பரம் செய்யத் தடை உண்டு. ஆகவே மது நிறுவனங்கள் சோடா, குடிநீர், இசைத்தட்டு என்று வேறு பொருள்களின் பேரால் தம் பெயரை நினைவூட்டி வந்தன. இளைஞர் திரளும் இசைவிழா அவற்றுக்கு வாய்த்த நல்ல களம். பெருந்தொகை கொடுத்துப் புரவலர் ஆகும் நிறுவனம், திடலுக்குள் தன் சரக்கு மட்டுமே விற்கப்பட வேண்டும் என்று உடன்படிக்கை செய்துகொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம். அன்றைய புரவலர் பாணருக்கு வார்த்துத் தந்தார். இன்றைய புரவலர் கேட்போருக்கு விற்கிறார். வேறெவரும் விற்காதபடியும் பார்த்துக்கொள்கிறார்.

இரண்டாவது, நாட்டின் நாப்பழக்கம். இந்தியாவில் விற்கும் பீரில் பெரும்பகுதி ‘ஸ்ட்ராங்’ வகையே. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் வகுத்த விதிகளின்படி, நூற்றுக்கு 5 பங்கு வரை ஆல்கஹால் உள்ளது சாதாரணம்; 5க்கு மேல் 8 வரை உள்ளது ‘ஸ்ட்ராங்’. பல மாநிலங்களில், உள்ளிருக்கும் ஆல்கஹாலின் அளவோடு ஒப்பிட்டால், பீரின்மேல் விழும் வரி பிற மதுவகைகளின் வரியைவிடக் கனமானது. எனவே கொடுத்த காசுக்கு மயக்கம் எவ்வளவு என்று கணக்கிடுவோர் வன்மையானதையே நாடுகின்றனர். கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். 8 விழுக்காடு உள்ள 650 மில்லி குப்பியில் ஆல்கஹால் 52 மில்லி. 4 விழுக்காடு உள்ள 330 மில்லி குப்பியில் 13 மில்லி மட்டுமே. ஒன்று மற்றொன்றைப்போல் நான்கு மடங்கு. ஏழு மணி நேரம் வெயிலிலும் நெரிசலிலும் நிற்பவருக்கு இந்த வேறுபாடு சுவையைப் பற்றியதன்று. வீடு திரும்புவதைப் பற்றியது.

மூன்றாவது, கவனிப்பு. பீர் என்பது வாற்கோதுமை மாவூறல், ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், தண்ணீர் ஆகிய நான்கின் கூட்டு. காப்பியைப் போலவே அதுவும் கெடும் பொருள். லாரியில் குலுங்கி வந்த பீப்பாயை இளைப்பாற விடாமல் உடனே திறந்தால் நுரைதான் வரும். குளிர் குறைந்தால் கரைந்திருக்கும் வாயு பிரிந்து, மீண்டும் நுரையே மிஞ்சும். குழாய்களைக் கழுவாமல் விட்டால் புளிப்பேறும். பச்சை நிறக் குப்பியையோ நிறமற்ற குப்பியையோ வெயிலில் வைத்தால், ஒளி பட்டு ஹாப்ஸின் சத்து மாறி ஒருவித நாற்றம் உண்டாகும். பழுப்புக் குப்பி அதனைப் பெரிதும் தடுக்கும். இவையெல்லாம் பெரும் செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. முதல்நாள் இறங்கிய டிகாக்‌ஷனை மறுநாள் ஊற்றாத சமையற்காரரின் நேர்மை போதும்.

‘திறந்த வெளியில் இவ்வளவுதான் இயலும்’ என்று சொல்வோருக்கு விடையாக ஒரு காட்சி. எங்கள் மகன் குவாஹாத்தியில் பணியாற்றிய காலத்தில், உள்நுழைவு அனுமதிச் சீட்டு பெற்று அருணாசலப் பிரதேசத்துச் சீரோ பள்ளத்தாக்குக்குச் சென்றோம். 2012 முதல் அங்கே இசைவிழா ஒன்று நடந்து வருகிறது. அபதானி மக்களின் ஊர் அது. ஒரே வயலில் நெல்லும் மீனும் வளர்க்கும் உழவர்கள் அவர்கள். மேடைகளில் பெரும்பகுதி மூங்கிலால் ஆனவை. திடலின் ஓரத்தில் உள்ளூர்ப் பெண்கள் தாம் வீட்டில் அரிசியைப் புளிக்க வைத்துச் செய்த அபோங் என்னும் மதுவை மூங்கிற் குவளையில் தந்தனர். ஒரு கடையின் சுவை மறு கடைக்கு இல்லை. ஒன்று இனிப்பு, ஒன்று சற்றே புளிப்பு. ‘முதலில் சுவைத்துப் பாருங்கள்’ என்று ஒரு முதியவள் இரண்டு மிடறு மட்டும் ஊற்றித் தந்தாள். வேண்டா என்ற எங்களுக்குத் தேநீர் தந்தாள். அவளிடம் பெரிய இயந்திரம் ஏதும் இல்லை. தான் செய்ததைத் தானே நின்று கொடுக்கும் பொறுப்பு இருந்தது.

மலைநாட்டில் இயல்வது நகரத்தில் இயலாதா? புனேயிலேயே 2009இல் பீர் காய்ச்சும் சிறுகூடம் ஒன்று தோன்றியது. அடுத்த சில ஆண்டுகளில் பெங்களூர் அத்தகைய கூடங்களுக்குப் பெயர்பெற்றது. திடலுக்கு அரை மணித் தொலைவில் புதிதாகக் காய்ச்சிய மென்மையான பீர் இருக்க, வெதுவெதுப்பான ஒரே வன்சரக்கைத் திடல் முழுதும் நிரப்புவது இயலாமை அன்று, உடன்படிக்கை.

தெரிவு வேண்டும் என்று நாங்கள் சொல்வது இருபது பெயர்களைப் பலகையில் எழுதி வைப்பதற்காக அன்று. குறைவாகக் குடிக்க விரும்புவோருக்கு வழி வேண்டும் என்பதற்காக. ஒரே ஒரு வகை, அதுவும் வன்மையானது என்றால், அளவோடு அருந்த வந்தவரும் அளவு கடக்கிறார். அருந்தாதவர் தாகத்தோடு நிற்கிறார். பாடுபவர் செவியற்ற கூட்டத்துக்குப் பாடுகிறார். மென்மையான வகை ஒன்று, அருகிலுள்ள ஊரில் காய்ச்சியது ஒன்று, ஆல்கஹால் இல்லாத நல்ல பானம் ஒன்று, இவற்றோடு விலையில்லாக் குடிநீர்: இந்நான்கும் இருந்தால் போதும்.

இம்மலரைப் படிக்கும் பெற்றோர் பலருடைய பிள்ளைகள் வரும் குளிர்காலத்திலும் அத்திடல்களுக்குச் செல்வர். ‘போகாதே’ என்று தடுப்பதால் பயன் விளையும் என்று நாங்கள் எண்ணவில்லை. நுழைவுச் சீட்டு வாங்குமுன், அங்கே தண்ணீர் இலவசமா, என்னென்ன ஊற்றுகிறார்கள் என்று விழாக்காரருக்கு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். நாமும் எழுதலாம். காப்பி நீர்த்திருந்தால் சபைச் செயலாளரை நேரில் சென்று கேட்கத் தயங்காத மரபு நம்முடையது.