தனியாகப் போகிறவளுக்கு ஒன்பது பேர் போட்ட திட்டம்



எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு தங்கை இருக்கிறாள். சட்டம் படிக்கிறாள். சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராஜா அண்ணாமலைபுரம் அம்பேத்கர் மணிமண்டபத்துக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று சொன்னாள்: "நான் பனிச்சறுக்கு கத்துக்கப் போறேன். தனியா."

சிரித்தோம். "இருக்கிற வேலைக்கு இது ஒண்ணுதான் குறைச்சல்" என்றார் ஒரு தோழர். வழக்கு இருக்கிறது, நிதி திரட்ட வேண்டியிருக்கிறது, விடுதி மாணவர்கள் பிரச்சினை இருக்கிறது; இதில் பனியாவது சறுக்காவது. அது காசுள்ளவர்கள் விளையாட்டு என்றும் சொன்னோம். அவள் கோபப்படவில்லை. "எங்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏத்திட்டுப் போனப்போ, இது தேவையான்னு யாரும் கேக்கலையே அண்ணா" என்றாள்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. அவள் அம்மா இன்றும் மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். முன்பு நடந்து போன வேலைக்கு இப்போது விடிவதற்கு முன்பே பேருந்து பிடிக்க வேண்டும். நம் மக்களின் பயணங்களை எண்ணிப் பாருங்கள். 1860இல் சென்னையிலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏற்றினார்கள். இலங்கையின் தேயிலை மலைகளுக்குக் கொண்டுபோனார்கள். நம் காலத்தில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். எப்போது போவது, எங்கே இறங்குவது என்பதை வேறு யாரோ முடிவு செய்தார்கள். தானே தேதி குறித்துப் போய், தானே திரும்பி வருகிற பயணம் நம் வீடுகளில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது?

அதனால் அவள் தனியாகப் போவதற்கு நாங்கள் ஒன்பது பேர் உட்கார்ந்து திட்டம் போட்டோம். உங்களுக்கும் உதவும் என்பதால் விவரமாக எழுதுகிறோம்.

முதல் கேள்வி, எங்கே? குல்மார்க், அவுலி, மணாலி அருகே சோலாங் என்று மூன்று இடங்களைப் பேசினோம். குல்மார்க்கின் கேபிள் கார் உலகப் புகழ் பெற்றது. ஆனால் முதல் முறை பனியில் நிற்பவளுக்கு நான்காயிரம் மீட்டரை ஒட்டிய உச்சி எதற்கு? ஒரு சிறு சரிவு போதும். அவுலிக்கு ஜோஷிமட் வழியாகப் போக வேண்டும். 2023 ஜனவரியில் நிலம் புதைந்து வீடுகள் விரிசல் விட்ட ஊர் அது. மணாலிக்கு டெல்லியிலிருந்து நேராக அரசுப் பேருந்து உண்டு. அதனால் மணாலி.

இரண்டாவது, யாரிடம் கற்பது? இங்கேதான் செலவு கூடும் அல்லது குறையும். சரிவில் நிற்கும் தனியார் பயிற்சியாளரிடம் நாள் கணக்கில் பேரம் பேசி, பலகைக்கும் பூட்ஸுக்கும் தனி வாடகை, அறைக்குத் தனி வாடகை, சாப்பாட்டுக்குத் தனிக் காசு என்று கொடுத்தால் நான்கே நாளில் கை காலியாகிவிடும். மணாலியில் 1961இல் தொடங்கிய அரசு மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. இப்போது வாஜ்பாய் பெயரில் இயங்குகிறது. குளிர்காலத்தில் அடிப்படைப் பனிச்சறுக்கு வகுப்பு நடத்துகிறார்கள். பயிற்சி, கருவிகள், தங்குமிடம், உணவு எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கும். மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். அரசு மருத்துவமனையில் வாங்கிக்கொள்ளலாம். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

பணம் மட்டும் பார்த்து இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' எங்கள் வட்டத்தில் மூன்று முறை வாசிக்கப்பட்டது. சாதியைப் பற்றிப் பேச அவர் எடுத்துக்கொண்டதே பயணங்களைத்தான். அப்பாவைப் பார்க்கக் கிளம்பிய சிறுவனுக்கு, இரட்டிப்புக் கூலி கொடுத்தும் வண்டிக்காரன் வண்டி ஓட்ட மாட்டேன் என்கிறான். கையில் சாப்பாடு இருக்கிறது, தண்ணீர் தர ஆளில்லை. வெளிநாட்டில் படித்துத் திரும்பியவரைப் பரோடாவில் பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டுகிறார்கள். மயிலாப்பூரில் வாடகை வீடு தேடிய நம் தோழர்களுக்கு இது பழைய கதை இல்லை. தனியார் வீட்டில் இடம் கிடைப்பது அவர்கள் தயவு. அரசு நிறுவனத்தில் கட்டணம் கட்டி ரசீது வாங்கினால் அந்தக் கட்டில் நம் உரிமை. அரசு இடங்களில் சாதி இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பரோடா அரசு அலுவலகத்திலும் அம்பேத்கருக்கு அவமானம்தான் நேர்ந்தது. ஆனால் அங்கே எழுதிக் கேட்க ஒரு முகவரியாவது இருக்கிறது.

தி.நகரில் ஒரு பயண முகவரிடமும் கேட்டுப் பார்த்தோம். எங்களுக்கு முன்னால் வந்தவரிடம் பாதிப் பணம் முன்பணமாகக் கேட்டார்கள். எங்கள் தங்கை பெரும்பாக்கம் என்று சொன்னதும், "முழுசா கட்டிடுங்க" என்றார்கள். எழுந்து வந்துவிட்டோம்.

இனி கணக்கு. மேல்வரம்பு 25,000 ரூபாய். அதில் பாதிக்கு மேல் பயிற்சிக் கட்டணத்துக்கே ஒதுக்கினோம். சென்ட்ரலிலிருந்து டெல்லிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் வகுப்பு. 60 நாளைக்கு முன்பே முன்பதிவு திறக்கும், அன்றே எடுத்துவிட வேண்டும். டெல்லியில் ஓர் இரவு தங்க, சாணக்யபுரியில் இளைஞர் விடுதி இருக்கிறது. அதன் உறுப்பினர் அட்டையை அடையாறு இந்திரா நகர் விடுதியில் விசாரித்து எடுத்தோம். கஷ்மீரி கேட்டிலிருந்து மணாலிக்கு இமாச்சல் அரசின் சாதாரணப் பேருந்து. உள்ளே போட்டுக்கொள்ளும் கம்பளி உடுப்பும் காலுறையும் ரங்கநாதன் தெருவில். பனிக்கோட்டு வாங்க வேண்டாம். மணாலியிலிருந்து சோலாங் போகும் சாலையோரக் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் விலை ஏறும், அதனால் பிப்ரவரி. உடம்பைத் தயார் செய்ய, காலையில் பெசன்ட் நகர் கடற்கரை மணலில் ஓட்டம். அதற்குக் காசு வேண்டாம்.

நாங்கள் திரட்டிய பணத்தை அவள் நன்கொடையாக வாங்க மறுத்தாள். டியூஷன் எடுத்துச் சேர்த்தது போக மீதியைக் கடனாக எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

பெயர் விஷயமும் பேசினோம். வடக்கே போனால் "முழுப்பெயர் என்ன?" என்பார்கள், அது சாதியைத் தெரிந்துகொள்ளும் கேள்வி. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைத் துறந்தவர்களின் மண்ணிலிருந்து போகிறாள். அப்பா பெயரைச் சொன்னால் போதும் என்றோம். "கேட்டா பறையர்னே சொல்லுவேன். மறைக்கறதுக்கா இவ்வளவு தூரம் போறேன்?" என்றாள். எங்களுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியவள் அவள். தினமும் இரவு எட்டு மணிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும் என்ற ஒன்றை மட்டும் கேட்டு வாங்கினோம்.

"எங்களை மாதிரி ஆளுங்களால முடியுமா?" என்று கேட்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு செய்தி. 2014 மே 25 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்ற மாலாவத் பூர்ணாவுக்கு வயது 13. பழங்குடிப் பெண். உடன் ஏறிய ஆனந்த் குமார் தலித் மாணவர். இருவரும் அன்றைய ஆந்திர அரசின் சமூகநல உறைவிடப் பள்ளிகளில் படித்தவர்கள். அரசு அவர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, அனுப்பியது. நம் ஆதிதிராவிடர் நல விடுதிகளில் இப்போதும் ஒழுகும் கூரைக்காகவும் சோற்றில் புழுவுக்காகவும் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அதைக் கேட்டுக்கொண்டேதான் இருப்போம். கூடவே மலையையும் விளையாட்டையும் கேட்போம். வயிற்றுக்கு மட்டும் கேட்டால் போதும் என்று நமக்கு நாமே ஏன் எல்லை போட வேண்டும்?

டிக்கெட் எடுத்த அன்று அம்மாவிடம் சொல்ல நாங்களும் பெரும்பாக்கம் போனோம். பத்து, பதினைந்து நாள் வெளியூர் என்றதும் அவர் பதறிப்போய், "யாரு செத்துட்டாங்க?" என்றார். வேலைக்கு இத்தனை நாள் லீவு போட வேறு காரணம் அவர் வாழ்க்கையில் வந்ததில்லை. விளக்கிச் சொன்னோம். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அங்க விழுந்தா அடிபடுமா?" என்று கேட்டார்.

"முதல்ல விழறதுக்குத்தான் சொல்லித் தருவாங்களாம்மா" என்றாள் அவள்.

"அது உனக்குத் தெரியுமே. எழுந்திருக்கக் கத்துக்கிட்டு வா" என்றார் அம்மா.

பிப்ரவரியில் கிளம்புகிறாள். அவள் திரும்பியதும் அடுத்த ஆள் யார் என்று வட்டத்தில் கேட்கப்போகிறோம். உங்கள் ஊரிலும் கேளுங்கள்.

ஜெய்பீம்.